கெர்னல் மாறினா பாட்டு ஏன் நிக்குது? - லினக்ஸ் பெர்மிஷனின் கதை

புதுசா ஒரு கெர்னல் ஏத்திட்டு ரீபூட் பண்றோம். டெஸ்க்டாப் அழகா வந்து நிக்குது. ஆனா பாட்டு வரல. சிடி எழுதப் போனா "அனுமதி இல்லை"ன்னு முறைக்குது. அதே மிஷின், அதே யூசர், அதே பாஸ்வேர்ட். ரூட்டா போய்ப் பாத்தா எல்லாம் ஒழுங்கா ஓடுது! உடனே எல்லாரும் திட்டுறது கெர்னலைத்தான். ஆனா இந்த வழக்கோட வேர் 1970-கள்ல இருக்குங்க. அங்கேருந்து வருவோம்.

பெல் ஆய்வகத்துல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கினப்ப கம்ப்யூட்டர்னா ஒரு அறையில ஒரு பெரிய மிஷின், அதைச் சுத்திப் பல டெர்மினல்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு வகை ஆளுங்க: சொந்தக்காரர், குரூப், மத்தவங்க. மூணு உரிமை: படிக்க, எழுத, இயக்க. டேப், டிஸ்க், பிரிண்டர் எல்லாமே 'டெவ்' டைரக்டரிக்குள்ள ஒரு ஃபைல். அதனால அதுக்கும் இதே பூட்டுதான். ரொம்ப எளிமையான, அருமையான ஏற்பாடு. ஆனா ஒரே ஒரு கேள்வி அதுல இல்லவே இல்ல: "இப்ப மிஷின் முன்னாடி யாரு உக்காந்திருக்கா?"

1991-ல லினக்ஸ் வந்தப்ப மிஷின் நம்ம மேஜைக்கே வந்துடுச்சு. ஸ்பீக்கர், மைக், ஃப்ளாப்பி எல்லாம் கைக்கெட்டுற தூரம். பூட்டு மட்டும் பழைய பூட்டு. அதனால ஆடியோ, சிடிரோம், ஃப்ளாப்பி, டயல்அவுட்னு குரூப் குரூப்பா வெச்சு, யூசரை அதுல சேத்து சமாளிச்சாங்க. டயல்அவுட்ங்கறது மோடம் காலத்துப் பேரு. இன்னிக்கும் டெபியன்ல ஆர்டுயினோ செருகுறவங்க அந்த குரூப்லதான் சேரணும். எங்க டோல்கேட் மாதிரிதான். கேட்டைக் காணோம், பேரு மட்டும் 2021-ல வந்த மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் நிக்குது :)

இந்த குரூப் ஏற்பாட்டுல ஒரு ஓட்டை இருக்கு. துறைமுகத்துல வேலை பாக்குறவங்களைக் கேட்டா சட்டுனு புரியும். நிரந்தர கேட் பாஸ் வேற, அன்னிக்கு மட்டும் செல்லுற பாஸ் வேற. ஆடியோ குரூப்ல சேக்குறது நிரந்தர பாஸ். நீங்க வீட்டுல இல்லாதப்ப, வெளியூர்லேருந்து நெட்வொர்க் வழியா லாகின் பண்ணாலும் அந்த மைக்கை நீங்க கேக்கலாம். முன்னாடி உக்காந்து பேசுறது உங்க தங்கச்சியா இருந்தாலும்! ஒரு மிஷினை அம்பது பசங்க மாத்தி மாத்தி யூஸ் பண்ற ஸ்கூல் லேப்ல இது சின்ன விஷயம் இல்ல.

அடுத்த கட்டம் 2003. க்ரெக் குரோவா-ஹார்ட்மன் 'யூடெவ்'வைக் கொண்டு வந்தார். டிவைஸ் செருகினா கெர்னல் சேதி அனுப்பும், யூடெவ் அந்த ஃபைலை உருவாக்கி யாருக்கு என்ன உரிமைன்னு எழுதும். அதாவது பெர்மிஷன் தர்ற வேலை கெர்னலுக்கு வெளிய வந்துடுச்சு. ரெண்டு பேரும் ஒரே பாஷை பேசுற வரைக்கும் சரி. கெர்னலை மட்டும் மாத்திட்டு யூடெவ்வைப் பழசாவே விட்டா?

அதுதான் டெபியன்ல நடந்துச்சு. 2007 ஏப்ரல்ல 'எட்ச்' வந்தப்ப அதோட யூடெவ் 2.6.15-க்கு முந்தின கெர்னல்ல ஓடாது. பழைய 'சார்ஜ்'ஓட யூடெவ் புது கெர்னல்ல ஒழுங்கா ஓடாது. எதை முதல்ல மாத்தினாலும் இடிக்கும். ரெண்டையும் சேத்து மாத்திட்டு ரீபூட் பண்ணுங்கன்னு வெளியீட்டுக் குறிப்புலயே எச்சரிக்க வேண்டியதா போச்சு.

இன்னொரு வழக்கு 2004 ஆகஸ்ட், கெர்னல் 2.6.8. அதுக்கு மாறினவங்களுக்கு சாதா யூசரா சிடி எழுத முடியல. ஃபைலோட பெர்மிஷனைப் பாத்தா எல்லாம் சரி. குரூப்பும் சரி. என்ன விஷயம்னா, அதுக்கு முன்னாடி டிரைவைப் படிக்க மட்டும் அனுமதி உள்ளவங்க கூட அதுக்கு எந்தக் கட்டளையையும் அனுப்பலாம். டிரைவோட ஃபர்ம்வேரை அழிக்கிற கட்டளை உட்பட! அந்த ஓட்டையை அடைக்கத்தான் கெர்னல் கட்டளைகளை வடிகட்ட ஆரம்பிச்சது. முதல் தடவை வடிகட்டி கொஞ்சம் இறுக்கமாயிடுச்சு, பின்னால தளர்த்தினாங்க. இங்க கெர்னல் பண்ணது நியாயம்தான். மாட்டிக்கிட்டது சிடி எழுதப் போன நாம.

நம்ம ஊரு கதைக்கு வருவோம். லினக்ஸ் தமிழ்நாட்டுல அரசாங்க மேஜைக்கு வந்ததும் இதே சமயத்துலதான். டெபியனை அடிப்படையா வெச்சு சென்னை சி-டாக் செஞ்ச 'பாஸ்' லினக்ஸ் 2007 ஜனவரில வந்துச்சு. அதே வருஷ வாக்குல உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில எல்காட் தன்னோட கம்ப்யூட்டர்களை சூஸே லினக்ஸுக்கு மாத்துச்சு. 2011 செப்டம்பர்ல தொடங்கின இலவச லேப்டாப்கள்ல விண்டோஸ் பக்கத்துல பாஸும் இருந்துச்சு. முதல் தடவை லினக்ஸைத் தொடுற ஒரு பிளஸ் டூ பையனுக்கு யூடெவ்வும் தெரியாது, குரூப்பும் தெரியாது. பாட்டு வரலன்னா அவனைப் பொறுத்தவரை லினக்ஸே வேலைக்கு ஆகல, அவ்வளவுதான். எவ்வளவு உழைப்பு இந்தச் சின்ன வாசப்படில தடுக்கி விழுந்திருக்கும்னு நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு.

சரி, விடை எப்ப வந்துச்சு? 2007-ல கன்சோல்கிட்னு ஒண்ணு, "எந்த யூசரோட செஷன் இப்ப திரைல இருக்கு"ன்னு கணக்கு வெச்சுக்க ஆரம்பிச்சது. 2012 வாக்குல சிஸ்டம்டி-யோட லாகின்டி அந்த இடத்தைப் பிடிச்சது. நீங்க முன்னாடி உக்காந்து லாகின் பண்ணா ஸ்பீக்கருக்கும் கேமராவுக்கும் உங்க பேருக்கு ஒரு உரிமை எழுதப்படும். வேற ஆளுக்கு மாறினா அழிக்கப்படும். ஆக, அன்னன்னிக்கு பாஸ்! யூனிக்ஸ் கேக்க மறந்த கேள்விக்குப் பதில் கிடைக்க நாப்பது வருஷம்.

அதனால இன்னிக்கு கெர்னல் மாத்தின பிறகு பெர்மிஷன் உதைச்சா, எடுத்தவுடனே சிஎச்மாட் 777 போடாதீங்க. டெவ் டைரக்டரி இப்ப மெமரில இருக்கு, பூட் ஆகும்போதெல்லாம் புதுசா உருவாகுது. நீங்க போட்டது ஆத்துல கரைச்ச புளி. போதாக்குறைக்கு, ரீபூட் வரைக்கும் மைக் ஊருக்கே திறந்து கிடக்கும். முதல்ல டிவைஸ் ஃபைல் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அது பெர்மிஷன் பிரச்னையே இல்ல, டிரைவர் மாட்யூல் புது கெர்னலுக்கு ஏறலன்னு அர்த்தம். இருந்தா 'கெட்எஃப்ஏசிஎல்' போட்டு உங்க பேரு அதுல எழுதியிருக்கான்னு பாருங்க. பேரு இல்லன்னா 'லாகின்சிடிஎல்' போட்டு உங்க செஷன் ஆக்டிவ்வான்னு பாருங்க. பெரும்பாலும் குட்டு அங்கேயே வெளிப்பட்டுடும்.

கேட்ல நிக்கிறவர் வழி மறிச்சா அவரைத் திட்டி என்ன பண்றது? உங்க பாஸ்ல பேரு எழுதுற ஆளு இன்னிக்கு வேலைக்கு வந்தாரான்னு பாருங்க.