பத்து பாகாட் வெள்ளமும் கோயில் நோட்டுப் புத்தகமும்

போன வாரம் கோயில் ஸ்டோரைக் கழுவும்போது 2007-ஆம் வருட நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. "இது என்ன கணக்கு அண்ணே?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 டிசம்பர் 19 வாக்கில் ஜொகூரில் வெள்ளம் ஏறியது. சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி, நம்ம பத்து பாகாட் எதுவும் தப்பவில்லை. அது வடிந்து முடிப்பதற்குள் ஜனவரியில், பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, மறுபடியும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

நம்ம ஊர் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. வந்தால் லேசில் போகாது. சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் இரண்டு ஆறும் சேர்ந்துதான் பத்து பாகாட் ஆறு. நிலம் தாழ்வு. கடல் பெருகும் நேரத்தில் மதகை மூடித்தான் ஆகணும், தண்ணீர் வெளியே போக வழி இருக்காது. ஸ்ரீ மேடான், பாரிட் சூலோங் பக்கம் வாரக்கணக்கில் நின்றது.

இது தெரியாமல்தான் நாங்கள் தப்புப் பண்ணினோம். முதல் நாளே 300 பொட்டலம் எலுமிச்சை சாதம் கட்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு குழு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தது. பாதிச் சோறு கெட்டுப்போனது. அன்னதானம் செய்த கையால் அதைக் கொட்டியபோது யாரும் பேசவில்லை. ரோட்டோரத்தில் இருந்த மையத்துக்கு எல்லா லோரியும் போனது, உள்ளே இருந்த வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை.

இன்னொன்று சொல்ல வெட்கம்தான். முதல் வெள்ளம் வடிந்ததும் காசு திரட்டிப் புது மெத்தை வாங்கி வீடு வீடாகக் கொடுத்தோம். படம்கூட எடுத்துக்கொண்டோம். பத்து நாளில் இரண்டாம் வெள்ளம் அத்தனையையும் ஊற வைத்துவிட்டது.

முறை இல்லாமல் இல்லை. தேசிய பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் உத்தரவு 1997-லேயே வந்துவிட்டது. மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரி தலைவர், நிவாரண மையமும் சாப்பாடும் பதிவும் சமூக நல இலாகா, நோய்த் தடுப்பு சுகாதார இலாகா என்று யார் யாருக்கு என்ன வேலை என்பது அதில் இருந்தது. நாங்கள்தான் போய்க் கேட்கவில்லை. எங்களில் பாதிப் பேர் பேக்டரி ஆட்கள். ஷிப்ட் மாறும்போது புக்கில் எழுதாமல் போனால் அடுத்த ஷிப்டு என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்கள். அந்தப் புத்தியைக் கோயில் வேலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டோம்.

இரண்டாம் வெள்ளத்தின்போது தொடங்கியதுதான் இந்த நோட்டு. எந்த வீடு, எத்தனை பேர், மருந்து சாப்பிடும் பெரியவர் உண்டா, ஐசி தொலைந்ததா, பிள்ளைக்குப் பள்ளி உடுப்பு இருக்கா, யார் ஏற்கெனவே உதவினார்கள். அவ்வளவுதான். அந்தத் தைப்பூசத்துக்குக் கோயிலில் கூட்டம் குறைவு. பாதிப் பேர் வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

2014 கடைசியில் கிளந்தான் வெள்ளம் நாட்டையே உலுக்கியது. அடுத்த வருடம் நட்மா என்ற பேரிடர் நிர்வாக அமைப்பு வந்தது. எங்களுக்குப் பரீட்சை 2023 மார்ச்சில். மாசி மக நேரம். பெக்கோக் அணை அபாய அளவைத் தாண்டியது. யோங் பெங், ஸ்ரீ மேடான், பாரிட் சூலோங் மறுபடியும் மூழ்கின. ஜொகூரில் மையங்களுக்குப் போனவர்கள் 40,000-ஐத் தாண்டினார்கள், அதில் பெரும்பங்கு நம்ம மாவட்டம்.

இந்தத் தடவை முதல் வேலையாக மாவட்ட அலுவலகத்துக்குப் போன் அடித்தோம். சமைத்த சாப்பாட்டை மையத்துக்கு அனுப்பவில்லை. எல்லா இனத்தவரும் தங்கும் இடம், ஹலால் விஷயம் இருக்கு, கெட்டுப்போகும் பயமும் இருக்கு. அரிசி, பருப்பு, பால் மாவு, பெரியவர்களுக்கு டயாப்பர் என்று கேட்டதை மட்டும் கொடுத்தோம். சீன நண்பர்களிடம் தண்ணீர் பாய்ச்சும் பம்பு இருந்தது, எங்களிடம் ஆள் இருந்தது, மலாய்க்கார இளைஞர்களிடம் படகு இருந்தது. ஒரே வாட்ஸ்அப் குழு, ஒரே பட்டியல். "இன்றைக்கு வேண்டாம், அனுப்பாதீங்க" என்று சொல்வதுதான் கஷ்டம். நல்ல மனசோடு லோரி பிடித்து வருகிறவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், இன்னும் பேசவில்லை.

நோட்டு இன்னொரு விதத்திலும் உதவியது. அரசாங்கம் அப்போது கொடுத்த 1,000 ரிங்கிட் வாங் இஹ்சான் பணத்துக்குப் பதிவு முக்கியமாக இருந்தது. நம்ம ஆட்கள் பலர் மையத்துக்குப் போகாமல் அக்கா வீடு, மாமா வீடு என்று போய்விடுவார்கள், பேர் எங்கேயும் இருக்காது. எங்கள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதியச் சொன்னோம்.

2007-ல் எங்கள் மெத்தையை வெள்ளத்தில் விட்ட பாட்டி ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். என்ன வேணும் என்று கேட்டதும், "முதல்ல தண்ணி வடியட்டும் தம்பி, போன தடவை மாதிரி அவசரப்படாதீங்க" என்றார். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் கொண்டுபோய்ப் போட்டோம்.