24 அங்குலக் கணக்கு

பிக்கிள்பால் மட்டையைப் பற்றிய பேச்சில் வடிவத்தையும் தடிமனையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்: அடித்து ஆடுபவருக்கு நீளமான, மெல்லிய மட்டை, நிதானமாக ஆடுபவருக்கு அகலமான, தடித்த மட்டை. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு வரலாற்றிலிருந்து வந்தவை. வடிவத்தைத் தீர்மானித்தது விதிப்புத்தகம். தடிமனைத் தீர்மானித்தது மூலப்பொருள். இதைப் பிரித்துப் பார்த்தால்தான் தேர்வு தெளிவாகும் என்பது என் கட்சி.

1965 கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் ஒரு பழைய பூப்பந்துத் திடலில் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வைத்து இந்த ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கையில் இருந்தவை டேபிள் டென்னிஸ் மட்டைகள். அவை போதவில்லை என்று நண்பர் பார்னி மெக்கலம் பிளைவுட்டை அறுத்துப் பெரிய மட்டைகள் செய்தார். பிளைவுட்டின் சிக்கல் எடை. தடிமனைக் கொஞ்சம் கூட்டினாலும் மணிக்கட்டு தாங்காது. ஆகவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடிமனைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதை மாற்றியவர் போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆர்லன் பரான்டோ. விமானத்தின் தரைக்குப் பயன்படும் தேன்கூட்டுப் பலகையை 1984இல் அவர் மட்டையாக வெட்டினார். நடுவில் நோமெக்ஸ் என்னும் பொருளால் ஆன அறுகோண அறைகள், இருபுறமும் மெல்லிய தகடு. உள்ளே பெரும்பகுதி காற்று என்பதால் தடிமன் ஏறினாலும் எடை அவ்வளவாக ஏறாது. விமானம் கட்டும் ஊர்ப்பக்கத்தில் பிறந்த ஆட்டத்துக்கு விமானப் பலகையே கைகொடுத்தது. பின்னாளில் நோமெக்ஸ் இருந்த இடத்துக்கு அதைவிட மென்மையான, ஓசை குறைந்த பாலிப்ரொப்பிலீன் வந்தது. இன்று கடையில் காணும் 13, 14, 16 மி.மீ. என்ற எண்களெல்லாம் இந்த மாற்றத்தின் பிள்ளைகள்.

மெல்லிய நடுப்பகுதியில் பட்ட பந்து சட்டென்று தெறித்து ஓடும். தடித்தது அதன் வேகத்தை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். வேகத்தை விழுங்குவது ஏன் ஒரு நற்குணம் ஆயிற்று என்றால், ஆட்டத்தின் அமைப்பே அப்படி. வலையின் இருபுறமும் 7 அடிக்கு, ஆட்டக்காரர்கள் கிச்சன் என்று அழைக்கும் பகுதி. அதற்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. எனவே நடுவில் 34 அங்குலமே உயரமுள்ள வலையைத் தாண்டி, எதிராளியின் கிச்சனுக்குள் பந்தை மெல்ல விழவைப்பவருக்குத்தான் முன்னேறி வர நேரம் கிடைக்கிறது. 16 மி.மீ. மட்டை பரவியதற்கு விளம்பரத்தைவிட இந்த 7 அடியே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வடிவத்தின் கதை வேறு. நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. தடிமனுக்கோ எடைக்கோ வரம்பில்லை. ஆக, நீளத்தில் அரை அங்குலம் வேண்டுமென்றால் அகலத்தில் அரை அங்குலத்தை விட்டுத்தர வேண்டும். கைப்பிடியும் நீளக் கணக்கில் அடங்கும். 16க்கு 8 மட்டையில் கைப்பிடி 5 அங்குலம் என்றால், மூலை வளைவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், முகப்பு 88 சதுர அங்குலம். இரு கைகளால் பின்கை அடிக்கும் டென்னிஸ்காரர் 16.5க்கு 7.5 மட்டையை 5.5 அங்குலக் கைப்பிடியோடு வாங்கினால் அது 82.5 ஆகிவிடும். அவருக்கு எட்டும் தூரமும் வீச்சின் வேகமும் கூடும். ஆனால் பந்து ஓரத்தில் பட்டால் மட்டை கையில் திரும்பிக்கொள்ளும். அந்தத் திருகலைத் தடுப்பது நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும் எடைதான். அகலம் சற்றுக் குறைந்தாலும் அந்தத் தடுப்பு அதைவிட வேகமாகக் குறையும்.

நல்ல ஆட்டக்காரர் எதை வைத்தும் ஆடுவார், இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை உண்டு. ஆனால் அவர் எதை வைத்தும் ஆடுவதற்குக் காரணம், அவர் அடிக்கும் பந்து பெரும்பாலும் மட்டையின் நடுவில் படுவதுதான். மற்றவர்களின் பந்து ஓரத்தில் படுகிறது. அகலம் அவர்களுக்குத்தான் வேண்டும். தேர்ந்தவர் கையில் நீள மட்டையைப் பார்த்துப் புதியவரும் அதையே வாங்குவது வருத்தமான தவறு. இன்னொரு மறுப்பு கனமானது: கார்பன் இழை முகப்பை வெப்பத்தில் வார்த்து, ஓரங்களில் நுரை நிரப்பிய மட்டைகள் வந்தபின் 16 மி.மீ. மட்டையும் ஓங்கி அடிக்கிறதே, தடிமன் எண்ணுக்கு இனி என்ன பொருள்? இதை நான் ஏற்கிறேன். தடிமன் பொருளோடு சேர்ந்தே பேசும். பொருள் மாறினால் அந்த எண்ணின் பொருளும் மாறத்தான் செய்யும். அமெரிக்க பிக்கிள்பால் அமைப்பும் 2024இல் புது வேகத்தைக் கட்டுப்படுத்த முனைந்தபோது தடிமனுக்கு வரம்பு வைக்கவில்லை. பந்து மட்டையிலிருந்து எவ்வளவு வேகத்தோடு திரும்புகிறது என்பதை அளக்கும் சோதனையைத்தான் கொண்டுவந்தது.

வடிவத்தில் விட்டுக்கொடுத்ததை எந்தப் புதுப் பொருளாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது, 24 அங்குலக் கணக்கு அங்கேயே நிற்கிறது. ஆகவே முதலில் அகலத்தை முடிவு செய்யுங்கள். தடிமனை எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். கிச்சன் கோட்டருகே நின்று, மெல்லத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.