வீடு என்னும் வகுப்பறை

தொலைதூரக் கல்வியின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறோம்: அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, கைபேசி. அந்தக் கருவி யார் கையில் இருந்தது என்று பெண்கள் கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. கல்லூரிக்கு அனுப்பப்படாத பெண்களுக்கு அது ஒரு வாசல். ஆனால், 'வீட்டிலிருந்தே படிக்கலாமே' என்ற சலுகைக்குள் 'வெளியே போக வேண்டாம்' என்ற கட்டளையும் சேர்ந்தே வந்தது.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு, செயற்கைக்கோள்வழிக் கல்வி ஒளிபரப்பு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. பொது இடத்திலும் சாதி உண்டு, பெண்ணுக்குப் பின்வரிசை உண்டு. என்றாலும் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி ஊருக்குப் பொது, தனியொருவரின் சொத்தல்ல.

2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டபோது அந்தப் பொதுத்தன்மை போய்விட்டது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019 முதலே இருந்தது. இணைய வகுப்புக்கான கைபேசியும் டேட்டாவும் மட்டும் குடும்பத்தின் பொறுப்பாயின. குடும்பத்தில் அவை முதலில் யாருக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 33 விழுக்காட்டினரே ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள். ஆண்களில் 57 விழுக்காடு.

என் இணைய வகுப்புகளில் மாணவிகளின் கேமராக்கள் பெரும்பாலும் அணைந்தே இருந்தன. ஒற்றை அறை வீட்டையும், சாதியைக் காட்டிக்கொடுக்கும் தெருவையும் மற்றவர் பார்வைக்கு வைக்க அவர்கள் விரும்பவில்லை. "அண்ணனுக்கும் இதே நேரம் கிளாஸ், மேடம்" என்று எழுதிவிட்டு ஒருத்தி பாதியில் வெளியேறுவாள். வருகைப் பதிவேட்டில் அது 'ஆப்சென்ட்'. கேமராவைத் திறந்தால்தான் வருகை என்று விதி வகுப்பவர்கள், ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைகிறார்கள்.

2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். திரை விட்ட இடைவெளியை மாலை நேரங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிரப்பியவர்கள் இவர்கள்தாம். செயலி விற்றவர்களின் வேலை தொழில் எனப்படுகிறது. இவர்களின் வேலை சேவை எனப்படுகிறது. இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல.

இனி ஒரு நிறுவனம் இணையவழிப் படிப்பை அறிவித்தால், கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். கருவியை யார் தருவார்கள், கேமராவை அணைத்துவைக்கும் உரிமை உண்டா, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து படிக்க ஒரு பொது அறை உண்டா என்றும் கேளுங்கள்.