மாத்தின இன்ஜினும் ஸ்டார்ட் ஆகலையா? இன்னொன்று வாங்கும் முன் இதைப் பாருங்க

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தண்ணி நிற்காத மழைக்காலம் அபூர்வம். அதில் காரை ஓட்டினால், காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் முட்டி நிற்க, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ரிப்பேர் பில்லைப் பார்த்து மிரண்டு, பலரும் பழைய இன்ஜின் தேடி குர்லா சிஎஸ்டி ரோட்டுக்குப் போகிறார்கள். வாங்கி மாட்டியாச்சு. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகல. "இதுவும் அவுட், வேற எடுக்கலாம்" என்று கேரேஜில் சொன்னால் உடனே தலையாட்டாதீங்க. பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இல்லை, இன்ஜினும் காரும் சேரும் இடத்தில்தான்.

முதல் கேள்வி: செல்ஃப் எடுக்குதா?

'டிக்' சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியைப் பாருங்க. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கணும். அது சரி என்றால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயர். இன்ஜினை இறக்கும்போது கழற்றி, திரும்ப மாட்ட மறந்துபோவது இதைத்தான். மாட்டியிருந்தாலும் துரு, பெயின்ட் மேல் மாட்டியிருந்தால் கரன்ட் சரியாகப் போகாது.

செல்ஃப் நன்றாக எடுக்குது, ஆனா இன்ஜின் பிடிக்கல என்றால் விஷயம் வேறு. டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறதா? இன்ஜினோடு வந்த இசியூவையும் சேர்த்து மாட்டியிருப்பார்கள். உங்கள் சாவியில் இருக்கும் சிப்பை அதற்குத் தெரியாது; திருட்டு என நினைத்து பெட்ரோலை நிறுத்திவிடும். சில கார்களில் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்துபோவதும் இதனால்தான். பழைய இசியூவையே திரும்ப மாட்டணும், அல்லது சாவியைப் புதிதாகப் பதியணும்.

விளக்கு எதுவும் எரியவில்லையா? ஸ்கேனர் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்க. இன்ஜின் சுற்றுது, ஸ்கேனர் 0 காட்டுது என்றால் கிராங்க் சென்சார் சிக்னல் போகவில்லை. பிஎஸ்4 காரில் பிஎஸ்6 இன்ஜின் மாட்டும்போது இது சகஜம். சாக்கெட் பொருந்திவிட்டால் சிக்னலும் பொருந்தும் என்று இல்லை. டீசல் கார் என்றால் லைனில் ஏர் பிடித்திருக்கிறதா என்றும் கேளுங்க. ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், மோட்டார் சூடாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜின் மேல் சந்தேகப்படணும். அப்போதும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்க. ஒன்று மட்டும் ரொம்பக் குறைவு என்றால் கேரேஜ் சொன்னது சரி.

கார் ஓடியதும் பலர் மறப்பது ஆர்சி. அதில் இருப்பது பழைய இன்ஜின் நம்பர். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, முன் அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்கணும். அங்கே கேள்வி வந்தால் காட்ட, இன்ஜின் நம்பர் எழுதிய பில்லைக் கடைக்காரரிடம் காசு கொடுக்கும்போதே வாங்கிடுங்க.