கைதியின் கையெழுத்துப் படிகளை அரசு ஏலம் விட்ட கதை

வழக்கு முடிந்த பின், காவல்துறை கைப்பற்றிய பொருள் யாருக்குச் சொந்தம்? சைக்கிள், கைக்கடிகாரம் என்றால் விடை எளிது. உரியவர் வராவிட்டால் ஏலம். அமெரிக்கக் காவல் நிலையங்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து இதை இணையத்தின் வழியாகவே செய்து வருகின்றன. ஆனால் கைப்பற்றப்பட்டவை நாட்குறிப்புகளும் கட்டுரைப் படிகளுமாக இருந்தால்?

தியோடர் கஸின்ஸ்கி ஒரு காலத்தில் பெர்க்லியில் கணிதம் கற்பித்தவர். 1978 முதல் 1995 வரை அவர் அனுப்பியும் வைத்தும் வந்த வெடிகுண்டுகளால் 3 பேர் மாண்டனர், 23 பேர் காயமுற்றனர். தொழில்நுட்பச் சமூகத்தைச் சாடி அவர் எழுதிய, சுமார் 35,000 சொற்கள் கொண்ட அறிக்கையை 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. அதன் நடையை அடையாளம் கண்டவர் அவருடைய தம்பியே. (உரைநடை ஆய்வு ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய அரிய நிகழ்வு இது.) 1996 ஏப்ரலில் மொண்டானா மலைக்குடிசையில் அவர் கைதானபோது எழுத்துகளும் கைப்பற்றப்பட்டன.

அவற்றைத் திருப்பித் தந்தால் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்துக்கு அளிக்க விரும்புவதாகக் கஸின்ஸ்கி நீதிமன்றத்தை அணுகினார். சாட்சியமாகத் தேவைப்படாத பொருள் உரியவருக்கே திரும்ப வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கு அவர் தர வேண்டிய இழப்பீடு 1.5 கோடி டாலர். அரசோ பொருள்களை விற்கவும் விரும்பவில்லை, விடவும் விரும்பவில்லை. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல், பாதிக்கப்பட்டோருக்கு இயன்றவரை கூடுதல் பணம் கிடைக்கும் வழியைக் காணச் சொன்னது. 2006இல் வந்த உத்தரவு, போதிய விளம்பரத்துடன் இணைய வழி விற்பனை என்றது. பாதிக்கப்பட்டோர் பெயர்கள் அழிக்கப்பட வேண்டும், வெடிகுண்டுச் செய்முறைகள் விற்பனைக்கு வரக்கூடாது, எழுதியவருக்கு நகல் உண்டு.

வெட்டி விற்பது தம் எழுத்துரிமையைப் பறிப்பதாகும் என்று கஸின்ஸ்கி வாதிட்டார். 2009இல் அதுவும் தள்ளுபடியானது. அரசு பதிப்பாசிரியர் வேலை பார்ப்பது நமக்கு உவப்பானதன்று. எனினும் இங்கே தீர்ப்பின் பக்கமே நிற்கிறோம். கொல்லப்பட்டவர் பெயர் யாரோ ஒரு சேகரிப்பாளரின் வரவேற்பறையில் தொங்காதிருக்கக் கோரும் உரிமை, எழுதியவருக்கு அசல் தாளின் மீதுள்ள உரிமையைவிட மேலானது. வருத்தம் வேறொன்றில்தான். நூலகத்தில் ஒரே தொகுப்பாக இருந்திருக்கக்கூடிய தாள்கள் ஏலம் கேட்டவர்களிடம் சிதறிப் போயின.

இதில் ஒரு முரணும் உண்டு. கொலையாளிகளின் உடைமைகளை விற்பது அருவருப்பானது என்று ஈபே நிறுவனம் 2001இலேயே தடை செய்திருந்தது. பத்தாண்டு கழித்து அதே வணிகத்தை அரசே நடத்தியது. நியாயம் பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தது. ஆயினும் அந்த விலையை உண்டாக்கியது குற்றம் தந்த புகழே என்பதை எந்த விதியாலும் மாற்ற முடியவில்லை.

2011 மே 18 முதல் ஜூன் 2 வரை ஏலம் நடந்தது. மொத்த வரவு 2,32,246 டாலர், இழப்பீட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. நாட்குறிப்புகள் 40,676 டாலருக்கும் தட்டச்சுப் பொறி 22,003 டாலருக்கும் போயின. கையால் எழுதிய அறிக்கைக்குக் கிடைத்தது 20,053 டாலர். காவல்துறை வரைந்த படத்தால் உலகம் அறிந்த தலைமூடிச் சட்டைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் 20,025 டாலர், அறிக்கையைவிட 28 டாலர் குறைவு.