சிப்பிக்கு வைத்த விருந்து

சூடோமோனாஸ். நம்ம ஊர் விவசாயிகள் நெல் விதைநேர்த்திக்குக் கிலோவுக்குப் பத்து கிராம் கலக்கிறார்களே, அதே பாக்டீரியாதான். அதோட ஒன்றுவிட்ட தம்பி அமெரிக்காவில் செய்த வேலை செம சுவாரசியம்.

முதலில் வில்லன். பெயர் ஜீப்ரா மஸல். கருங்கடல், காஸ்பியன் பக்கத்துச் சரக்கு. விரல்நகம் அளவு, வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட நன்னீர்ச் சிப்பி. கப்பல் அடித்தொட்டித் தண்ணீரில் ஓசிப் பயணம் செய்து வந்ததை 1988ல் அமெரிக்க-கனடா எல்லையில், செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே மிச்சிகனில் மன்ரோ நகரத்துத் தண்ணீர்க் குழாயை அடைத்து, ஊருக்கே குடிநீரை நிறுத்திவிட்டது. உள்ளூர்ச் சிப்பிகளின் ஓட்டு மேலேயே கொத்துக்கொத்தாய் ஒட்டி, பட்டினி போட்டுக் கொன்றதும் இதுதான்.

குளோரின் ஊத்தலாமே? ஊத்தினார்கள். ஆனா பயபுள்ள விவரம். விஷம்னு தெரிந்ததும் ஓட்டை மூடிக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்துவிடும். குளோரினோ மீனையும் விட்டுவைக்காது.

நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் டேனியல் மல்லாய் வேறு ரூட்டில் போனார். 1990களில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா ரகங்களைச் சோதித்தார். எங்க பாஷையில் சொன்னால் சுத்தமான 'ப்ரூட் ஃபோர்ஸ்'. சிக்கியது சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் சிஎல்145ஏ. சிப்பி இதைச் சாப்பாடு என்றே நினைத்து, ஓட்டை மூடாமல் வடிகட்டி முழுங்கும். உள்ளே போனதும் செரிமானச் சுரப்பி சிதைந்து ஆள் காலி.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். செத்த பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்கிறது! கொல்வது நோய்த்தொற்று இல்லை, செல்லில் இருக்கும் நச்சு. அதனால் ஏரியில் புதுசா எதையும் உயிரோடு விடத் தேவையில்லை. வண்டை ஒழிக்க 1935ல் தேரையை இறக்கிவிட்டு, ஆஸ்திரேலியா இன்னும் முழிக்கிறதே, அந்தத் தலைவலி கிடையாது.

மர்ரோன் பயோ என்ற கம்பெனி இதை 'ஜீக்வானாக்ஸ்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2014ல் மின்னசோட்டாவின் கிறிஸ்துமஸ் ஏரியில், சிப்பி தென்பட்ட ஓரத்தை மட்டும் தடுத்து இதைப் போட்டார்கள். சிப்பிகள் அந்த எல்லைக்கு வெளியேயும் கிடைத்தன. பிறகு தாமிரம், பொட்டாஷ் எல்லாம் போட்டும் 2015ல் மறுபடி தலைகாட்டின.

மருந்து தோற்கவில்லை, சிப்பி முந்திக்கொண்டது. குழாய்க்குள் ஜெயிக்கிற வித்தை இது. ஏரி முழுக்கப் பரவியபின் எந்த வித்தையும் போதாது. கப்பலிலேயே தடுத்திருந்தால் இத்தனை பாடு தேவையே இல்லை, இல்லையா?