கண் இல்லாத செடிக்கு வெளிச்சம் எப்படித் தெரிகிறது?

ஸ்ரீ கெம்பாங்கானில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனித்திருப்பீங்க. பால்கனியில் வைத்த மிளகாய்ச் செடி சில நாள்களில் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடும். தொட்டியைத் திருப்பி வைத்தாலும் மறுபடி வெளிச்சத்தை நோக்கியே வளையும். கண் இல்லை, மூளையும் இல்லை. அப்புறம் எப்படித் தெரியுது?

செல்களுக்குள் இருக்கும் சில புரதங்கள்தான் அதற்குக் காரணம்.

ஏன் சாய்கிறது?

சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிப் பார்த்தார்கள். நாற்று வளையவில்லை. 1880இல் வெளியான இந்த ஆய்வு, வெளிச்சத்தை உணர்வது நுனி என்று காட்டியது. உணரும் புரதத்தின் பெயர் போட்டோட்ரோபின் என்று இன்று தெரியும். நீல ஒளி பட்டதும் இது செயல்படத் தொடங்கும். ஆக்சின் என்ற ஹார்மோன் நிழல் பக்கம் நகரும். அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீளும். தண்டு வெளிச்சப் பக்கம் வளையும்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இதைச் சொல்வது பைட்டோகுரோம். சிவப்பு ஒளி (சுமார் 660 நானோமீட்டர்) பட்டால் இது ‘ஆன்’. தூரச் சிவப்பு ஒளி (சுமார் 730 நானோமீட்டர்) பட்டால் ‘ஆஃப்’.

பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, தூரச் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் பக்கத்தில் வேறு செடி இருந்தால், தூரச் சிவப்பின் பங்கு கூடும்.

‘ஆன்’ ஆன பைட்டோகுரோம் செல்லின் உட்கருவுக்குள் போய், தண்டை நீளவைக்கும் புரதங்களை அடக்கி வைக்கும். ‘ஆஃப்’ ஆனால் அந்தப் பிடி தளரும். தண்டு மெலிந்து நீளும். கோயில் திருவிழாவுக்கு இருட்டில் வளர்க்கும் முளைப்பாரி வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்வதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

கெப்போங்கில் ஒரு காட்சி

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் கபூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்க. பக்கத்துப் பக்கத்து மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாது. நடுவே வானம் ஆற்றுக் கோடுகள்போலத் தெரியும். காற்றில் கிளைகள் உரசி முறிவதால் இப்படி ஆகிறது என்பது ஒரு கருத்து. ஆனால் இங்கு ஆராய்ந்த பிரான்சிஸ் இங், உரசிய தடயம் எதையும் காணவில்லை. வளரும் நுனி வெளிச்சத்தின் அளவை உணர்ந்து, பக்கத்து மர இலைகளை நெருங்கியதும் நின்றுவிடுகிறது என்று 1977இல் கருத்துத் தெரிவித்தார்.

உங்கள் தொட்டிக்கு என்ன பாடம்?

நெட்டையாக, மெலிந்து வளரும் செடியைப் பார்த்து ‘நல்லா வளருது’ என்று நினைக்காதீங்க. அது வெளிச்சம் தேடுகிறது. உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. நாற்றுகளுக்கு இடையே இடம் விடுங்க, தொட்டியை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வையுங்க, அவ்வப்போது திருப்பி வையுங்க.